சேகருகிட்ட நீ பேசுடா

டேய் மாப்ள,

பொங்கலுக்கு வர்றேன்னுட்டு வராம போனதுக்கு உனக்கு தனியா இருக்கு, நேர்ல வச்சுக்கறேன். அம்மா நல்லா இருக்காங்க, மூத்தவ பிளஸ் டூ. விஷயம் சேகரு.

டிபி மாத்திரைய நிறுத்திட்டான்டா. ரெண்டு மாசம் ஒழுங்கா போட்டான், காய்ச்சல் போச்சு, இருமல் போச்சு, கன்னத்துல சத வச்சுது, உடனே தொரைக்கு சரியாயிடுச்சாம். கொமட்டுதாம், ஒன்னுக்கு செவப்பா போவுதாம். அது ரிஃபாம்பிசின் மாத்திரையோட கலரு, பயப்படாதன்னு நர்சம்மா மொத நாளே சொன்னாங்க. வீட்ல கூட சொல்லாம மாத்திரைய பீரோ மேல தூக்கி வச்சுட்டான். இப்ப திரும்ப இருமுறான், ராத்திரி பனியன் நனையுற அளவுக்கு வேர்க்குதாம்.

மொத ரெண்டு மாசம் நாலு மருந்து, அதுல கிருமி முக்காவாசி செத்துடும், அதான் உடம்பு லேசாகுது. மிச்சம் கொஞ்சம் பெருகாம நீறு பூத்த நெருப்பா கெடக்கும், அத அழிக்கத்தான் அடுத்த நாலு மாசம் மூணு மருந்து. நடுவுல விட்டா அதுதான் திரும்ப கெளம்பும், மருந்துக்கு அடங்காத கிருமியா மாறிட்டா வைத்தியமே வேற, இவனுக்கு சுகர் வேற இருக்கு. அதவிட எனக்கு வயித்த கலக்குறது அவனோட சின்ன புள்ள, இன்னும் நாலு வயசு ஆவல, இவன் பக்கத்துலதான் தூங்குது. அதையும் கூட்டிட்டு போய் பாக்கணும், அதுக்கு நோய் இல்லன்னாலும் வராம இருக்க மாத்திரை தருவாங்க.

இவன் பயம் என்னன்னா, போனா படுக்க வச்சுடுவாங்களாம். வீட்ல இருந்தே மாத்திரை சாப்பிட்டு குணமாகலாம்னு ஒலகத்துக்கே காட்டுனது நம்ம மெட்ராஸ்டா, 1959லயே அந்த ஆராய்ச்சி வந்துடுச்சு! மருந்துக்கு காசும் கெடையாது, சத்தா சாப்பிட மாசம் 1000 ரூபா வேற பேங்க்ல போடுறாங்க, முன்ன 500தான்.

நான் சொன்னா மொறைக்கிறான். நீ சொன்னா கேப்பான், அந்த லைட் ஹவுஸ் மேட்டருக்கு அப்பறம் உன் பேச்ச அவன் தட்டுனதே இல்ல. ஞாயித்துக்கெழம காலைலயே போன் போடு, சாயங்காலம் வேணாம், உனக்கே தெரியும் ஏன்னு. திட்டாத. மிச்ச மாத்திரைய அவனா முழுங்க ஆரம்பிக்க வேணாம், மொதல்ல சளி குடுக்கணும்னு சொல்லு, மிஷின்ல வச்சா டிபி இருக்கா, ரிஃபாம்பிசினுக்கு அடங்குமான்னு ரெண்டும் தெரிஞ்சுடும். திங்கக்கெழம மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரிக்கு நான் வண்டில கூட்டிட்டு போறேன், பழைய அட்டைய எடுத்து வைக்க சொல்லு. பேசிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு.

ரவி