காரில் நீ தள்ளிவைத்திருக்கும் சின்ன வேலைகள்

அன்புள்ள மகளுக்கு,

காரில் செய்யாமல் விட்டுவைத்திருக்கும் வேலைகளை ஒரே தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பியிருந்தாய். வைப்பர் பிளேடும் ஏசி ஃபில்டரும் வாங்கியபடியே டிக்கியில் கிடக்கின்றன, ஹெட்லைட் மங்கிவிட்டதால் எல்இடி பல்பு போட வேண்டும், டேஷ்கேம் (சாலையைப் பதிவு செய்யும் சிறு கேமரா) பொருத்த வேண்டும், முன்கண்ணாடியில் கல் பட்ட சிறு புள்ளி இருக்கிறது, சென்ற சர்வீஸில் மெக்கானிக் ஏதோ ரப்பர் உறை கிழிந்திருப்பதாகச் சொன்னார், கார் நிறுவனத்திலிருந்து வந்த கடிதம் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே வைத்திருக்கிறாய். தாளின் அடியில், "ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் எல்லாவற்றையும் முடித்துவிடுவேன் அம்மா, எதில் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை" என்று எழுதியிருந்தாய். தொலைபேசியில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால் எழுதியே அனுப்புகிறேன்.

முதலில் அந்த முழு ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடு. அரை மணி நேர வேலைகளை ஒன்றாகக் கட்டி, ஒரு பெரிய நாளுக்காகக் காத்திருப்பதால்தான் அவை தள்ளிப்போகின்றன. கார் நடுவழியில் நின்றுவிட்டால் அன்றே மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். கல் பட்ட கண்ணாடியோடும், அடைத்துக்கொண்ட ஃபில்டரோடும் கார் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதால் நம்மை அவசரப்படுத்த யாரும் இல்லை. இன்னொன்றும் உண்டு. உதிரிப் பாகத்தை வாங்கிய உடனேயே வேலையில் பாதி முடிந்துவிட்ட நிறைவு மனத்துக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகு அதை மாட்டுவதில் பெரிய ஆர்வம் இருப்பதில்லை.

உன் பட்டியலில் சுலபமானவை மேலேயும் சிரமமானவை கீழேயும் இருக்கின்றன. நான் வேறு விதமாக வரிசைப்படுத்துவேன். ஒவ்வொரு வேலைக்கு எதிரிலும், இதை இன்னும் ஆறு மாதம் செய்யாமல் விட்டால் இது என்னவாக மாறும் என்று கேட்டுப் பார். டேஷ்கேம் பொருத்தும் வேலை ஆறு மாதம் கழித்தும் அதே வேலையாகவே இருக்கும். ஏசி ஃபில்டர் சிறிது சிறிதாக மோசமாகும், ஆனால் மாற்றும் வேலை பெரிதாகாது. ஆனால் இன்றுவரை சின்ன வேலையாக இருந்துவிட்டு, ஒரே நாளில் பெரிய செலவாக உருமாறுபவை உண்டு. அந்த வகையில் உன்னிடம் இரண்டு இருக்கின்றன. இரண்டையும் பட்டியலின் கீழ்ப்பகுதியில் எழுதியிருக்கிறாய்.

ஒன்று முன்கண்ணாடியில் உள்ள புள்ளி. காரின் முன்கண்ணாடி ஒரே கண்ணாடி அல்ல. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. கல் பட்டபோது வெளித்தகடு மட்டும் சிதைந்திருக்கும். இந்த நிலையில் அந்தக் குழிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, தெளிவான ரெசினைச் செலுத்தி, புற ஊதா விளக்கால் இறுகச் செய்தால் விரிசல் மேலும் ஓடாது. சிறிது நேரத்தில் முடிந்துவிடும் வேலை. ஆனால் நாளாக ஆகக் குழிக்குள் தூசியும் ஈரமும் புகுந்துவிட்டால் ரெசின் சரியாகப் பிடிக்காது. வெயிலில் நின்று சூடேறிய கண்ணாடியின் மீது உள்ளிருந்து ஏசியின் குளிர்காற்று அடித்தாலோ, பள்ளத்தில் சக்கரம் இறங்கி உடல்பகுதி முறுக்கிக்கொண்டாலோ, புள்ளியிலிருந்து ஒரு கோடு கிளம்பி ஓரம்வரை போய்விடலாம். அப்போது கண்ணாடியையே மாற்ற வேண்டும். உன் காரில் பின்பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருப்பதால், புதுக் கண்ணாடி போட்ட பிறகு அந்தக் கேமராவையும் மறுபடி அளவு சரிசெய்ய வேண்டிவரும். அது தனிச் செலவு. சரிசெய்யக் கொண்டுபோகும்வரை புள்ளியின் மேல் ஒரு துண்டு ஒளிபுகும் டேப்பை ஒட்டிவை, தூசி புகாது. காரை வெயிலில் நிறுத்தி எடுக்கும்போது ஏசியை உடனே கண்ணாடி மீது முழு வேகத்தில் திருப்பாதே.

இரண்டாவது, மெக்கானிக் சொன்ன ரப்பர் உறை. அவர் 'பூட்' என்று சொல்லியிருப்பார். எஞ்சினின் விசையை முன் சக்கரத்துக்குக் கொண்டுவரும் ஆக்சிலின் முனையில் ஒரு மூட்டு இருக்கிறது. சக்கரம் திரும்பினாலும் ஏறி இறங்கினாலும் சுழற்சி தடைபடாமல் பார்த்துக்கொள்வது அதுதான். அந்த மூட்டைச் சுற்றித் துருத்தி போன்ற மடிப்புகளுடன் ரப்பர் உறை இருக்கும். உள்ளே கிரீஸ் அடைத்திருக்கும். உறை கிழிந்தால் சக்கரம் சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே சிதறிவிடும், மணலும் நீரும் உள்ளே போகும். நீயே பார்க்கலாம்: சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பிவிட்டு, எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்த பிறகு, டார்ச் விளக்கோடு சக்கரத்தின் பின்புறம் பார். சக்கரத்தின் உட்புறத்திலும் அருகிலுள்ள இரும்புக் கைகளிலும் கறுப்புக் கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தால் கிழிசல் பெரிது என்று தெரிந்துகொள். கூர்மையான திருப்பத்தில் இன்னும் 'டக் டக்' என்ற சத்தம் வரவில்லை என்றால், பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுப் புது உறையும் புது கிரீஸும் போட்டால் போதும். சத்தம் தொடங்கிவிட்டது என்றால் மூட்டு தேய்ந்துவிட்டது. ரப்பர் உறைக்கு ஆகும் செலவில் அதைச் சரிக்கட்ட முடியாது. இந்த வேலையை மெக்கானிக்கிடம்தான் கொடுக்க வேண்டும், அதையும் இந்த வாரமே கொடு.

நிறுவனத்திலிருந்து வந்த கடிதம் பெரும்பாலும் ரீகால் அறிவிப்பாகத்தான் இருக்கும். அதை விளம்பரம் என்று நினைத்து ஓரமாக வைத்துவிடுபவர்கள் நிறைய. தயாரிப்பில் குறை இருப்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டு, இலவசமாகச் சரிசெய்து தருகிறேன் என்று அழைக்கும் கடிதம் அது. டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் விவகாரத்தை நினைத்துப் பார். அந்த ஏர்பேக்கை ஊதச் செய்யும் அம்மோனியம் நைட்ரேட், பல ஆண்டு வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதைந்து, விபத்தின்போது அளவுக்கு மீறிய விசையோடு வெடித்து, உலோகத் துண்டுகளைப் பயணி மீதே வீசியது; பல நாடுகளில் உயிர்கள் போயின. உலகெங்கும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன, 2017-ல் அந்த நிறுவனம் திவாலானது. அறிவிப்பு வந்த பிறகும் மாற்றிக்கொள்ளாத கார்கள் பல ஆண்டுகள் சாலையில் ஓடிக்கொண்டிருந்தன. உன் கடிதத்தில் இருப்பது சாதாரண மென்பொருள் மாற்றமாகவும் இருக்கலாம். எதுவானாலும் காரின் அடையாள எண்ணைச் சொல்லி நேரம் வாங்கிவிடு. ஒரு காசு செலவில்லாத வேலையைத் தள்ளிப்போட நியாயமே இல்லை.

டிக்கியில் இருக்கும் இரண்டு பொருள்களையும் ஒரே மாலையில் மாட்டிவிடலாம். வைப்பரில் ஒரு எச்சரிக்கை மட்டும். அதன் கை ஸ்பிரிங் விசையில் நிற்பது. பிளேடைக் கழற்றிய நிலையில் கை தவறி விழுந்தால் வெறும் உலோக முனை கண்ணாடியில் மோதும். ஆகவே தொடங்கும் முன்பே ஒரு தடித்த துண்டை மடித்துக் கண்ணாடி மீது விரித்துவிடு. கையைத் தூக்கி நிறுத்தி, நடுவில் உள்ள சிறு கொக்கியை அழுத்திக்கொண்டே பிளேடைக் கீழ்நோக்கி இழுத்தால் வந்துவிடும். புதியதை அதே வழியில் செருகி 'கிளிக்' என்ற ஓசை கேட்கும்வரை அழுத்து. ஏசி ஃபில்டர் பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டின் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. பெட்டியைக் காலி செய்து, இரு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அழுத்தினால் அது கீழே தொங்கும். பின்னால் ஒரு சிறு மூடி தெரியும். பழைய ஃபில்டரை வெளியே எடுக்கும்போது அதில் அச்சிட்ட அம்புக்குறி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, புதியதையும் அதே பக்கம் வை. மழையில் கண்ணாடி சட்டென்று பனிபோர்த்துக்கொள்கிறது என்று போன மாதம் சொன்னாயே, அதற்கு இந்த அடைப்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உன் பட்டியலில் இல்லாதவை எனக்கு அதிகம் கவலை தருகின்றன. "வண்டி அதிகம் ஓடவே இல்லையே, எதற்கு சர்வீஸ்" என்று நீ அடிக்கடி சொல்வாய். கிலோமீட்டர் கணக்கைப் போலவே காலக் கணக்கும் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எஞ்சின் ஆயில் நின்றுகொண்டிருந்தாலும் காற்றோடு வினைபுரிந்து கெடுகிறது. அதிலும் நீ ஓட்டுவது போலக் குறுகிய தூரமாகவே ஓட்டினால், எஞ்சின் நன்றாகச் சூடேறும் முன்பே அணைந்துவிடுவதால், உள்ளே சேரும் ஈரமும் எரியாத எரிபொருளும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. குறைவாக ஓடும் கார் என்பது ஆயிலுக்குச் சுலபமான வாழ்க்கை இல்லை.

பிரேக் ஆயில் இதைவிட மோசம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 என்ற பிரேக் ஆயில் வகைக்கு, புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸாக இருக்க வேண்டும் என்பது விதி, சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அதற்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சமே 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்தி வரும்போது, ஈரம் சேர்ந்த ஆயில் குழாய்க்குள் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டானால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. ஊருக்குள் ஓட்டும்போது இதில் ஒரு அறிகுறியும் தெரியாது. அதனால்தான் பெரும்பாலான நிறுவனங்கள் சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. உன் கார் வாங்கியதிலிருந்து பிரேக் ஆயில் மாற்றியதாக எந்த பில்லிலும் நான் பார்க்கவில்லை.

டயர் காற்றைப் பெட்ரோல் போடும் வேளையோடு சேர்த்துக்கொள். ஸ்டெப்னியையும் அப்போதே பார்த்துவிடு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவுதான் சரி, டயரின் பக்கத்தில் பொறித்திருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். அந்த எண்ணையும் எழுதி அனுப்பு.

இனி நீ ஆசையோடு எழுதியிருக்கும் புதுப் பொருத்தங்களுக்கு வருகிறேன். டேஷ்கேம் தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் உனக்கு உறுத்துகிறது, பிரேக் ஆயில் தள்ளிப்போவது உறுத்தவே இல்லை. எதை முதலில் செய்ய வேண்டும் என்பதை அந்த உறுத்தலிடம் கேட்காதே. டேஷ்கேம் நல்ல பொருள்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. நிறுத்திய பிறகும் பதிவு செய்யும்படி வைத்தால் அது பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே குறிப்பிட்ட வோல்ட்டுக்குக் கீழே போனால் தானாகவே துண்டித்துக்கொள்ளும் ஒயரிங் கிட்டாக வாங்கு, அதற்கு முன் பேட்டரியைச் சோதித்துக்கொள். முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும், 12.2-ஐ ஒட்டி நின்றால் பாதிதான் இருக்கிறது என்று பொருள். முன்கண்ணாடியின் பக்கத்துத் தூணுக்குள் ஏர்பேக் இருந்தால், ஒயர் அதன் முன்பக்கமாகக் குறுக்கே வரக்கூடாது, பின்பக்கமாகப் போக வேண்டும். ஏர்பேக் விரியும் வழியில் எதையும் வைக்கக்கூடாது என்பதற்காகவே, பக்கவாட்டு ஏர்பேக் உள்ள இருக்கைக்கு அதைத் தடுக்கும் உறை போடவும் கூடாது.

மங்கிய ஹெட்லைட்டுக்கு நீ எழுதியிருக்கும் எல்இடி பல்பு தீர்வு அல்ல. மங்கியிருப்பது பல்பு அல்ல, மேலே உள்ள பாலிகார்பனேட் மூடி. வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் பாதுகாப்புப் பூச்சைத் தின்றதால் மஞ்சளாகிவிட்டது. ஹாலஜன் பல்புக்காக வடிவமைத்த குழியில் எல்இடியைப் பொருத்தினால் ஒளி விழ வேண்டிய இடத்தில் விழாமல் சிதறி, எதிரே வருபவர் கண்ணில் அடிக்கலாம். பல நாடுகளில் அது சட்டத்துக்கும் புறம்பு. மூடியைப் படிப்படியாக நைசான உப்புத்தாளால் தேய்த்து, பாலிஷ் செய்து, கடைசியில் புதுப் பாதுகாப்புப் பூச்சு பூசச் சொல். அந்தக் கடைசிப் பூச்சை விட்டுவிட்டால் சில மாதங்களில் பழைய மஞ்சள் திரும்பி வந்துவிடும்.

கடைசியாக ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டனின் அசைவோடு இசைந்து திறந்து மூட வைக்கும் இணைப்பு உன் காரில் டைமிங் செயினா, டைமிங் பெல்ட்டா? செயின் என்றால் பொதுவாகத் தனியாக மாற்றும் கெடு கிடையாது. பெல்ட் என்றால் கையேட்டில் கிலோமீட்டரும் ஆண்டும் இரண்டும் போட்டிருக்கும், எது முந்துகிறதோ அதுவே கெடு. பல எஞ்சின்களில் அது ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி எஞ்சினையே திறக்க வேண்டிவரும். கையேட்டின் பராமரிப்பு அட்டவணைப் பக்கத்தையும் கடைசி சர்வீஸ் பில்லையும் படமெடுத்து அனுப்பு, பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா