அமெரிக்கா, நியூஜெர்சி, எடிசன் ஊர்ல இருந்து செல்விக்கு

ஏட்டி செல்வி,

உன் வாய்ஸ் மெசேஜ் வந்து மூணு நாளாச்சு. நானும் பேசியே அனுப்பிரலாம்னுதான் இருந்தேன், ஆனா சொல்ல வேண்டியது நெறைய இருக்கு, அதான் புள்ளைய தூங்க வச்சிட்டு உக்காந்து டைப் பண்றேன். அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு கேட்டதும் மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு. சொட்டு மருந்த மட்டும் நேரம் தவறாம விடச் சொல்லு.

நீ கேட்டியே, அமெரிக்கால நெட்ட எப்படி பாக்கணும்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுக்க சட்டமே போட்டிருக்காங்களாமே நெசமான்னு, நெசந்தான். எங்க நியூஜெர்சி மாநிலத்துல 2023 ஜனவரி 4-ஆம் தேதி அப்ப கவர்னரா இருந்த பில் மர்ஃபி கையெழுத்து போட்டாரு. கிண்டர்கார்டன்ல இருந்து 12-ஆவது வரைக்கும் இன்ஃபர்மேஷன் லிட்ரசி கட்டாயம். எது தகவல், எது ஒருத்தரோட அபிப்ராயம், இத யாரு எதுக்காக போட்டிருக்காங்க, அடுத்தவங்க எழுதுனத எப்படி நேர்மையா பயன்படுத்தணும், இதெல்லாம் அதுல வருது. எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா, பாடத்திட்டம் எழுதுறப்ப ஸ்கூல் லைப்ரரியன்களையும் சேத்துக்கணும்னு சட்டத்துலயே சொல்லியிருக்கு.

மத்த மாநிலத்துலயும் இருக்கு. இல்லினாய்ஸ்ல 2022-23 கல்வியாண்டுல இருந்தே ஹைஸ்கூல்ல இது உண்டு. கலிபோர்னியால 2023 அக்டோபர்ல சட்டமாச்சு, அங்க தனி பாடம் கெடையாது, இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸ், ஹிஸ்டரின்னு எல்லாத்துக்குள்ளயும் கலந்து சொல்லிக் குடுக்கணும். ஃபுளோரிடால 2023-ல 6-ஆவதுல இருந்து 12-ஆவது வரைக்கும் சோஷியல் மீடியா பத்தி பாடம் வச்சாங்க, அடுத்த வருஷமே 14 வயசுக்கு கீழ அக்கவுண்டே கூடாதுன்னு இன்னொரு சட்டமும் போட்டாங்க, அது கோர்ட்டு கேஸுன்னு போச்சு.

சட்டத்த விடு, எங்க வீட்ல நடந்தத சொல்றேன். 2024 நவம்பர், டிசம்பர்ல நியூஜெர்சி வானத்துல ராத்திரி ராத்திரி ட்ரோன் பறக்குதுன்னு பெரிய பீதி, உங்க நியூஸ்லயும் வந்திருக்கும். எங்க வாட்ஸ்அப் குரூப்ல தெனம் அம்பது வீடியோ வரும், ஈரான் கப்பல்ல இருந்து விடுறாங்க, அணுகுண்டு தேடுறாங்கன்னு என்னென்னமோ, நானும் அதுல ரெண்ட உன் அண்ணன் உள்பட பதினஞ்சு பேருக்கு அனுப்புனேன், பயத்துல கை தானா அனுப்புது. ஒரு நாள் ராத்திரி வாசல்ல நின்னு நாங்க பெரியவங்க எல்லாம் ஒரு வெளிச்சத்த காட்டி, பாரு அசையாம நிக்குதுன்னு பேசிக்கிட்டிருக்கோம், அப்ப 7-ஆவது படிக்கிற என் மக போன்ல எந்த பிளேன் எங்க பறக்குதுன்னு காட்டுற பிளைட் டிராக்கர தொறந்து, அம்மா அது நூவர்க் ஏர்போர்ட்ல எறங்க வர்ற பிளேன், நம்ம பக்கமா நேரா வர்றதால நிக்கிற மாதிரி தெரியுதுன்னு சொன்னா. ரெண்டு நிமிஷத்துல தலைக்கு மேல சத்தம் போட்டுட்டு போச்சு.

டிசம்பர் 16-ஆம் தேதி எஃப்பிஐ, விமானத்துறை, பாதுகாப்புத்துறை எல்லாம் சேந்து அறிக்கை விட்டாங்க. 5000-க்கு மேல புகார் வந்ததுல நூறு சொச்சந்தான் மேல விசாரிக்க வேண்டியதா இருந்துச்சாம், மத்ததுல அனுமதியோட பறக்குற ட்ரோன், பிளேன், ஹெலிகாப்டர், நட்சத்திரத்தக் கூட ட்ரோன்னு சொல்லியிருக்காங்க. அதப் படிச்சிட்டு அந்த பதினஞ்சு பேருக்கும், நான் அனுப்புனது தப்புன்னு தனித்தனியா எழுதுனேன், அனுப்புறப்ப இருந்த வேகம் இதுக்கு வரல.

அந்த வெளிச்சம் பிளேன்தான்னு தேடிப் பாக்க உனக்கு யாருடி சொல்லிக் குடுத்தாங்கன்னு மகட்ட கேட்டா, எங்க லைப்ரரி டீச்சர்ங்கா. சட்டப்படி பாடம் முழுசா வர்றதுக்கு முன்னாலயே அவங்களா வாரத்துக்கு ஒரு பீரியடு எடுத்திருக்காங்க. ஒண்ணு கண்ணுல பட்டா அதையே உத்து உத்து பாக்காத, அத விட்டு வெளிய வந்து மத்தவங்க அதப்பத்தி என்ன சொல்றாங்கன்னு தேடு, இதான் முக்கியமான பாடம். ஸ்டான்ஃபோர்டு யூனிவர்சிட்டி ஆளுங்க ஆராய்ச்சி பண்ணி கண்டுபுடிச்ச பழக்கம் இது. அவங்களே 2016-ல மிடில் ஸ்கூல் புள்ளைங்கள சோதிச்சப்ப, ஸ்பான்சர்டு, அதாவது காசு குடுத்து போட்டதுன்னு எழுதியிருந்த விளம்பரத்த 80 சதவீதத்துக்கு மேல புள்ளைங்க நெசமான செய்தின்னு சொல்லியிருக்காங்க. போன்ல எல்லாம் தெரிஞ்ச புள்ளைங்கன்னு நாம நெனைக்கோம் பாரு.

ஆனா எல்லா ஸ்கூலும் இப்படி இல்ல. கூட வேலை பாக்குற ஒருத்தி மக படிக்கிற ஸ்கூல்ல வருஷத்துக்கு ஒரு நாள் எல்லாரையும் ஹால்ல உக்கார வச்சு, பயமுறுத்துற மாதிரி நாலு ஸ்லைடு போட்டு, ஒரு ஃபார்ம்ல கையெழுத்து வாங்கிட்டு முடிச்சிருவாங்களாம். 2008-லயே ஒரு ஃபெடரல் சட்டம் இருக்கு, இன்டர்நெட் செலவுக்கு இ-ரேட்ங்கிற அரசு திட்டத்துல தள்ளுபடி வாங்குற ஸ்கூல் எல்லாம் சைபர் புல்லியிங், அதாவது ஆன்லைன்ல ஒருத்தர கேலி பண்ணி மெரட்டுறது பத்தி, ஆன்லைன்ல எப்படி நடந்துக்கணும்னு சொல்லிக் குடுக்கணும், 2012-ல இருந்து அத உறுதி பண்ணி எழுதியும் குடுக்கணும். எழுதிக் குடுத்தா போதும்னு ஆயிட்டா பாடம் ஒரு மணி நேரமா சுருங்கிருது, எனக்கு இதுல வருத்தம் உண்டு. லைப்ரரியன் வேலையவே காசில்லன்னு எடுத்துட்டா இந்த சட்டத்த யாரு நடத்துவா, நீயே சொல்லு.

வெஸ்ட்ஃபீல்டுன்னு ஒரு டவுன், எங்களுக்கு பக்கந்தான். 2023 அக்டோபர்ல அங்க ஹைஸ்கூல் பொண்ணுங்க போட்டோவ ஏஐல போட்டு அசிங்கமா மாத்தி பரப்புனாங்க. அதுல பாதிக்கப்பட்ட ஒரு பொண்ணும் அவ அம்மாவும் விடாம போராடுனாங்க, 2025 ஏப்ரல்ல நியூஜெர்சில அது குற்றமாச்சு, அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். அடுத்த மாசமே நாடு முழுக்க ஒரு சட்டம், புகார் குடுத்தா 48 மணி நேரத்துல கம்பெனி அத எடுக்கணும். நல்லதுதான். ஆனா அந்த பட்டன அமுக்குறதுக்கு முன்னால இது ஒரு பொண்ணோட வாழ்க்கைடான்னு அந்த பையனுக்கு யாராச்சும் சொல்லியிருக்கணும்லா, அது நம்ம மாதிரி வீட்லயும் உன்ன மாதிரி டீச்சர்கிட்டயுந்தான் இருக்கு.

உன் மகனுக்கு போன் குடுக்கலாமான்னு கேட்டல்லா. ராத்திரி ரூமுக்குள்ள மட்டும் குடுக்காத. மறைச்சு வச்சே காலத்த ஓட்டவும் முடியாது செல்வி, 14 வயசு வரைக்கும் ஒண்ணும் காட்டாம அன்னைக்கு காலைல மொத்தமா கையில குடுத்தா அவன் என்ன பண்ணுவான். பக்கத்துல உக்காந்து, வர்ற ஃபார்வேர்ட சேந்து பாருங்க. எது நடந்தாலும் அம்மாட்ட சொன்னா போன புடுங்க மாட்டாங்கன்னு அவனுக்கு நம்பிக்கை வரணும், புடுங்கிருவாங்கன்னு பயந்தே நெறைய புள்ளைங்க வாய தொறக்க மாட்டேங்குது.

லைப்ரரி டீச்சர் குடுத்த கேள்வித்தாள மகட்ட வாங்கி வச்சிருக்கேன், ஞாயித்துக்கெழமை தமிழ்ல எழுதி அனுப்புறேன். உன் எட்டாவது 'பி' பசங்ககிட்ட மொதல்ல ஒண்ணே ஒண்ணு கேளு, கடைசியா நீ நம்பி ஏமாந்த ஃபார்வேர்டு எதுன்னு. அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுது, மக ரொம்ப ஆசையா கேட்டுக்கிட்டிருக்கா.

உன்,
மீனா