கேமராவைக் கொஞ்சம் கீழே திருப்புங்கள்: பினாங்கில் டிரோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். இந்த வருடத் தைப்பூசத்துக்கு நீங்கள் மேலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தேன். நன்றாக இருந்தன. பொறாமையாகவும் இருந்தது. நான் பிலிம் காலத்துக் கல்யாணப் படக்காரன். மண்டபம் முழுக்க ஒரே படத்தில் வேண்டுமென்றால் ஏணி போட்டு ஏறி, கீழே ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொன்ன தலைமுறை. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல்தான் டிரோன் வாங்கினேன்.

மூன்று வருடங்களுக்கு முன்னால், பினாங்கின் பெருநிலப் பக்கமான செபராங் பிறையில் ஒரு வீடமைப்புத் திட்டத்துக்கு விளம்பர வீடியோ எடுக்கக் கூப்பிட்டார்கள். செம்பனையை வெட்டி, வேரோடு பிடுங்கி, மண்ணைப் புரட்டிப் போட்டிருந்த வெறும் நிலம். நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் ஒரு பக்கம் அது. தெரிந்தேதான் போனேன், பணம் தேவைப்பட்டது.

காலை ஏழே முக்கால் இருக்கும். வெயில் இன்னும் சாய்வாக விழுந்துகொண்டிருந்த நேரம். டிரோனை மேலே ஏற்றி, சும்மா ஒரு சோதனைக்காகக் கேமராவை நேர் கீழே திருப்பினேன். சிவந்த மண்ணில் வெளுத்த கோடுகள் தெரிந்தன. நீள்சதுரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே இடைவெளியில். கொஞ்ச நேரம் எதுவும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. அது எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது இடித்துத் தரைமட்டமாக்கிய லயத்தின் அடித்தளம். ஓரமாக ஒரு சின்னச் சதுரம், அது பெற்றோர் வேலைக்குப் போனபின் ஆயா பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகையாக இருக்க வேண்டும். கிணறு இருந்த இடத்தில் கருமையாக ஒரு வட்டம். கோயில் எங்கே என்று தேடினேன், தெரியவில்லை.

கீழே காலை வைத்து நடந்தபோது எனக்கு இதில் ஒன்றுமே தெரியவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். வெறும் மண், செருப்பில் ஒட்டும் மண், அவ்வளவுதான்.

நாலைந்து படம் எடுத்தேன். பிறகு வந்த வேலையைப் பார்த்தேன். அன்றிரவு மெமரி கார்டைக் காலி செய்தபோது அந்தப் படங்களையும் சேர்த்து அழித்துவிட்டேன். மறுநாள் பிறையில் ஒரு கல்யாணம், கார்டு வேண்டியிருந்தது. இப்போது அங்கே இரண்டு மாடி வீடுகள் நிற்கின்றன. இந்த மடலை எழுத வைத்தது அந்த அழித்த படங்கள்தான்.

நான் பார்த்தது ஏதோ அதிசயம் என்று அப்போது நினைத்தேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், மேலிருந்து படமெடுத்து, மண்ணில் புதைந்த பழைய இடங்களைக் கண்டுபிடிக்கும் வேலையை நூறு வருடங்களுக்கு மேலாக உலகம் செய்துகொண்டிருக்கிறது. 1906 இல் இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தைக் கயிறு கட்டிய பலூனிலிருந்து ஒரு இராணுவ அதிகாரி படமெடுத்தார். முதல் உலகப் போர் முடிந்த பின் கிராஃபோர்டு என்ற தொல்லியலாளர் விமானப் படங்களை மேசையில் பரப்பி வைத்து, பழங்கால வயல்களின் வரப்புகளைக் கண்டுபிடித்தார். 1925 இல் இன்சால் என்ற விமானி அதே ஸ்டோன்ஹெஞ்ச் பக்கத்தில் பறக்கும்போது கீழே ஒரு வட்டத்தைக் கவனித்தார். அடுத்த கோடையில் அங்கே கோதுமை வளர்ந்தபோது, வளையம் வளையமாகக் கரும்புள்ளிகள் தெரிந்தன. தோண்டிப் பார்த்தால், அவ்வளவும் மரத்தூண் நட்ட குழிகள். இன்று அந்த இடத்துக்கு வுட்ஹெஞ்ச் என்று பெயர்.

புதைந்தது மேலே தெரிவதற்குக் காரணம் எளிமையானது. பிளாட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பிப்ரவரி வெயிலில் பத்தாவது மாடியிலிருந்து திடலைப் பார்த்தால், எப்போதோ இடித்த கொட்டகையின் சிமென்ட் தரை இருந்த இடத்தில் மட்டும் புல் மஞ்சளாக இருக்கும். அடியில் கல்லோ செங்கல்லோ இருந்தால் மேலே மண் ஆழம் குறைவு, ஈரம் நிற்காது, செடி சீக்கிரம் வாடும். பழைய குழியோ வாய்க்காலோ இருந்தால் அங்கே ஈரம் தங்கும், பச்சை கூடும். மண்ணைப் புரட்டினால் நிறம் காட்டிக்கொடுக்கும். எதுவும் இல்லாவிட்டாலும், காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயிலில் ஒரு முழ உயர மேடுகூட நிழல் போடும். உச்சி வெயிலில் எடுத்தால் ஒன்றும் கிடைக்காது. கல்யாணப் படத்துக்கும் இதே விதிதான்.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. போர்க்காலத்திலும் அதன் பின்னும் பிரிட்டிஷ் விமானப்படை எடுத்த படங்களை வில்லியம்ஸ்-ஹண்ட் என்ற அதிகாரி விடாமல் சேர்த்தார். கிழக்குத் தாய்லாந்தில் அகழி சூழ்ந்த பழைய ஊர்களை அந்தப் படங்களில் பார்த்தே அடையாளம் கண்டு 1950 இல் எழுதினார். பிறகு மலாயாவிலேயே வேலை பார்த்து, 1953 இல் இங்கேயே இறந்தார்.

இனி நம் வாசலுக்கு வருவோம். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் திருவிழாவுக்கு மதம் பார்க்காமல் போகிறோம். அந்த ஆலய வளாகத்துக்குள் எழுத்து வெட்டிய பாறை ஒன்று இருக்கிறது, செரோக் தோக் குன் கல்வெட்டு. ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1845 இல் அதைப் பதிவு செய்தார். அதற்கு முன்பே 1834 இல் இதே செபராங் பிறையில் அவருக்கு இன்னொரு கல் கிடைத்தது. புத்தகுப்தன் என்ற மாலுமி, பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்று வெட்டி வைத்த கல். அது இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெனாகா பக்கம் குவார் கெப்பாவில், பழங்கால மனிதர்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகளின் மேடுகள். 2017 இல் அங்கே காட்சிக்கூடம் கட்டும் வேலை நடந்தபோதுதான் ஐந்தாயிரம் ஆண்டுக்கு மேல் பழைமையான பெண்ணின் எலும்புக்கூடு வெளியே வந்தது. பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாலே இவ்வளவு இருக்கிறது. கொஞ்சம் வடக்கே கெடாவுக்குப் போனால், பழைய கடாரத்தின் பூஜாங் பள்ளத்தாக்கு, சுங்கை பத்து இரும்பு உலைகள், மெர்போக்.

கடாரம் என்றதும் நம் வாட்ஸ்அப் குழுக்கள் சூடாகிவிடும். 1025, இராஜேந்திர சோழன், கப்பல், புலிக்கொடி. எனக்கும் பிடிக்கும். ஆனால் 2013 இல் அதே பள்ளத்தாக்கில், பதினோராம் எண் சண்டியை, அதாவது ஒரு பழங்காலக் கோயிலின் செங்கல் இடிபாட்டை, வீடு கட்டுவதற்காக இடித்தார்களே, அதற்குப் பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே நம்மில் பலருக்குத் தெரிந்தது. அந்த நிலம் அரசிதழில் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்படவில்லை. இருநூறு ஃபார்வர்டு செய்திகளைவிட, இடிக்கும் முன் மேலிருந்து எடுத்த ஒரு தெளிவான படம் எனக்கு உசத்தி.

சுங்கை பத்துவில் மண்ணுக்கடியில் இருந்தவை செம்பனைத் தோட்டத்துக்குள் சின்னச் சின்ன மேடுகளாகத்தான் கிடந்தன. மட்டை மூடிய தோட்டத்தில் நம் கேமராவுக்குத் தரை தெரியாது. அதற்கு லிடார் வேண்டும். லேசர் கதிர்களை இலட்சக்கணக்கில் கீழே அனுப்பினால், இலை இடுக்கு வழியாகச் சில தரையைத் தொட்டுத் திரும்பும். கணினியில் இலையை நீக்கிவிட்டால் மொட்டைத் தரை மிஞ்சும். 2012 இல் கம்போடியாவின் அங்கோரில் ஹெலிகாப்டரில் போய் 370 சதுர கிலோமீட்டரை இப்படி அளந்தார்கள், காட்டுக்கடியில் தெருக்களும் குளங்களும் வந்து நின்றன. அது பெரிய பணம். நம் கையில் இல்லை.

ஆனால் நமக்கு ஒரு ஜன்னல் திறக்கிறது. செம்பனை ஏறக்குறைய இருபத்தைந்து வருடம்தான். மரம் உயர்ந்து குலை எட்டாமல் போனதும் வெட்டி மறுநடவு செய்வார்கள். அந்தச் சில மாதங்கள் நிலம் மொட்டையாகக் கிடக்கும். வீட்டுமனைக்குப் போகிற நிலமும் அப்படித்தான், கடைசி முறையாக. தோட்டத்தில் உறவுக்காரர் இல்லாத தமிழ்க் குடும்பம் நம் பக்கம் எத்தனை? எந்தத் தோட்டத்தில் எப்போது வெட்டு என்ற செய்தி எந்த அலுவலகத்துக்கும் முன்னால் நமக்குத்தான் வரும். கெப்பாலா பத்தாஸ், பெனாகா வயல்களும் அறுவடைக்குப் பிறகு கொஞ்ச நாள் அப்படிக் கிடக்கும்.

எடுக்கும்போது சாய்த்து எடுக்காதீர்கள். சூரியன் விழும் அழகான படம் ஒன்று உங்களுக்காக எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கேமரா நேர் கீழே. வயலில் ஏர் ஓட்டுகிற மாதிரி வரிசை வரிசையாகப் போய், ஒரு படம் அடுத்த படத்தின் மேல் முக்கால் பங்கு விழுகிற மாதிரி எடுங்கள். அப்போதுதான் அவற்றை இணைத்து ஒரே வரைபடமாகவும், மேடு பள்ளத்தோடும் உருவாக்க முடியும். நூறு மீட்டர் உயரத்தில் சாதாரண டிரோனில்கூட ஒரு பிக்சல் தரையில் மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு வரும். ஒரு செங்கல் தெரிய அது போதும். நிறத்தை ஏற்றாதீர்கள், ஃபில்டர் போடாதீர்கள். மூலக் கோப்பை அப்படியே வையுங்கள். இரண்டு ஹார்டு டிஸ்க்கில். கார்டைக் காலி செய்யும் முன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு அண்ணன் மாட்டிவிட்டான் என்று வரக்கூடாது. 400 அடிக்கு மேல் போகக்கூடாது. பாயான் லெப்பாஸ் விமான நிலையம் ஒரு பக்கம், பட்டர்வொர்த் விமானப்படைத் தளம் இன்னொரு பக்கம், எங்கே பறந்தாலும் முதலில் அனுமதி. வான்படம் எடுக்க நில அளவைத் துறையின் அனுமதியும் வேண்டும். தனியார் நிலமென்றால் தோட்ட நிர்வாகத்தைக் கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். மீதிப் பேர் சிரிக்காமல் முடியாது என்றார்கள்.

ஏதாவது தெரிந்தால் மண்வெட்டியோடு போய்விடாதீர்கள். 2005 ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோண்டுவது குற்றம். பொருள் ஏதும் கண்டெடுத்தால் பாரம்பரிய ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ சொல்ல வேண்டும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் ஆய்வு மையம் இருக்கிறது, குளுகோர் நமக்கு எத்தனை தூரம்? இடத்தின் புள்ளியை மட்டும் ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். புதையல் தேடுகிறவனும் அதைப் பார்ப்பான்.

லயத்துக்கெல்லாமா தொல்லியல் என்று ஒரு தம்பி கேட்டான். சண்டியைக் கட்டியவர்கள் செங்கல்லையாவது விட்டுப் போனார்கள். நம்மவர்கள் நூறு வருடம் இருந்த இடத்தில் ஓர் அங்குலம் சிமென்ட்தான் மிச்சம். மறுநடவு இயந்திரம் இரண்டாவது முறை வந்தால் அதுவும் இல்லை.

தெரிந்த தோட்டத்தில் வெட்டு தொடங்கப்போகிறது என்றால் சொல்லுங்கள். அனுமதிக் கடிதங்களை நான் எழுதுகிறேன், கார் என்னுடையது. வெயில் ஏறுவதற்குள், ஏழரைக்கு அங்கே இருக்க வேண்டும். பேட்டரியை முதல் நாளே சார்ஜ் போட்டு வையுங்கள்.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து ஒரு பழைய கல்யாணப் படக்காரன்