கம்மலை அடகு வைத்த ஆய்வு மாணவி

ஆசிரியருக்கு வணக்கம்.

பிஎச்.டி. சேர்ந்தாலே மாதாமாதம் பணம் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வான நெட்டில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை பெற்றவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து 42,000. அது இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேருபவர்களுக்கு 8,000தான், பத்தாண்டுக்கும் மேலாக. மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) அந்த எட்டாயிரமும் கிடையாது.

என் மகளுக்கு ஜேஆர்எஃப் உண்டு. சரி, கவலை தீர்ந்தது என்றுதான் இருந்தேன். ஆனால் பணம் வர ஒவ்வொரு மாதமும் நெறியாளர் கையெழுத்து வேண்டும்; அலுவலகத்தில் ஒருவர் இணையத்தில் பதிவேற்ற வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். யாராவது ஒருவர் விடுப்பில் போனால் அந்த மாதம் அம்போ. ஒருமுறை நான்கு மாதப் பணம் வரவில்லை. 28 வயதில் மெஸ் பில்லுக்கு அப்பாவிடம் கேட்கக் கூசி, கம்மலை அடகு வைத்திருக்கிறாள். பொங்கலுக்கு வந்தபோது பையிலிருந்த அடகு ரசீதைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரியும்.

எட்டாயிரத்தை உயர்த்துங்கள், மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் கொடுங்கள். அதற்கு நிதி வேண்டும், புரிகிறது. மாதம் 5ஆம் தேதிக்குள் பதிவேற்றி முடிக்க என்ன நிதி வேண்டும்?

– ஆய்வு மாணவி ஒருவரின் தந்தை, திருச்சி