என் சித்திக்குக் காலை எது? மதுரை ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் உணவு, சர்க்கரை, ஹார்மோன் பற்றி ஆய்வு செய்கிற ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

நான் திருமங்கலம் பக்கம் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவள். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. காலை 6.30 மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். பூ சீசனில் அதில் பாதிப் பேர் மல்லிகைத் தோட்டத்திலிருந்து நேரே வருகிற பெண்கள். கையை நீட்டினாலே தெரிந்துவிடும். நகக்கண்ணில் பச்சைக் கறை, பனியில் ஊறி வெளுத்த விரல் நுனி, சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய சட்டை, நெற்றியில் ஹெட்லைட் பட்டை அழுத்திய கோடு.

"வெறும் வயிறாக்கா?" என்று கேட்பேன்.

"ஆமா தாயி, ஒண்ணும் திங்கல."

இன்னும் கொஞ்சம் கேட்டால், "ரெண்டு மணிக்கு ஒரு டீயும் பன்னும். அதுக்கு அப்புறம் பச்சத்தண்ணி படல" என்பார்கள். பொய் சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் அது நேற்றைய சாப்பாடும் இல்லை, இன்றைய சாப்பாடும் இல்லை. வெறும் வயிறு என்றால் குறைந்தது எட்டு மணி நேரம் என்பது என் கணக்கு. அந்த அக்கா சாப்பிட்டு ஐந்து மணி நேரம்தான் ஆகிறது. ஆனால் எழுந்து ஐந்தரை மணி நேரம் ஆகிவிட்டது, அதில் நாலு மணி நேரம் குனிந்து நிமிர்ந்து வேலை பார்த்திருக்கிறார். இந்த ரத்தத்துக்கு என்ன பெயர் வைப்பது? சீட்டில் இரண்டு கட்டம்தான் இருக்கிறது: சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின். நான் "முன்" என்பதில் டிக் போடுகிறேன். அந்த எண்ணைப் பார்த்து மாத்திரையின் அளவு கூடுகிறது, அல்லது குறைகிறது.

என் சித்தி கதையைச் சொல்கிறேன். அவருக்கு 52 வயது, செல்லம்பட்டிப் பக்கம் கிராமம். ராத்திரி ஒன்றரைக்கு எழுந்து ரெண்டு மணிக்குத் தோட்டத்தில் இறங்கிவிடுவார். மொட்டு மொட்டாகவே மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் விலை. நாலு வருஷத்துக்கு முன் அவருக்குச் சர்க்கரை வந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் மாத்திரையோடு அச்சடித்த தாள் ஒன்றையும் கொடுத்தார்கள். காலை 8 மணிக்கு மூன்று இட்லி, 11 மணிக்கு மோர், மதியம் 1 மணிக்கு ஒரு கப் சோறு, இரவு 8 மணிக்கு இரண்டு சப்பாத்தி. மாத்திரை, காலைச் சாப்பாட்டுக்கு முன்.

சித்தி எட்டாவது வரை படித்தவர். தாளை முழுக்கப் படித்துவிட்டு என்னிடம் ஒரே கேள்வி கேட்டார். "காலைனா எது பாப்பா? நான் எந்திரிக்கிறதா, சூரியன் எந்திரிக்கிறதா?"

நான் யோசிக்காமல், "எந்திரிச்சதும் போட்டுக்கோங்க சித்தி" என்று சொல்லிவிட்டேன். அது என் தப்பு. ஒன்றரை மணிக்கு வெறும் டீயோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். அது கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்கவைக்கிற வகை. நாலரை மணிக்கு, அந்தக் குளிரில் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, மடியில் இருந்த மொட்டெல்லாம் மண்ணில் கொட்டிவிட்டது. பக்கத்து நிரையில் எடுத்துக்கொண்டிருந்த மதினி கடலைமிட்டாயைக் கடித்துக் கொடுத்து வாயில் திணித்ததால் பிழைத்தார். அன்றிலிருந்து எனக்கு அந்தக் கேள்வி தூக்கத்திலும் கேட்கிறது.

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்று பழ ஈயில் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஒரே சாப்பாட்டைக் காலையில் சாப்பிட்டால் ஏறுகிற சர்க்கரையை விட, ராத்திரி சாப்பிட்டால் ஏறுவது அதிகம். தூக்கத்துக்கான மெலடோனின் ரத்தத்தில் நிறைந்திருக்கும் நேரத்தில் இன்சுலின் சுரப்பு மந்தமாக இருக்கும். 2009-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் பத்துப் பேரை ஆய்வகத்தில் தங்கவைத்து, தூக்கத்தையும் சாப்பாட்டையும் 12 மணி நேரம் தள்ளிப்போட்டுப் பார்த்தார்கள். ரத்தச் சர்க்கரை 6 சதவீதமும் இன்சுலின் 22 சதவீதமும் ஏறின. பசியை அடக்குகிற லெப்டின் 17 சதவீதம் இறங்கியது. அதே ஊரில் 19 இளைஞர்களை வைத்து நடந்த இன்னொரு ஆய்வு 2021-இல் வந்தது. இரவு வேலை போல விழிக்கவைத்தாலும் பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை ஏறவில்லை. இரவில் சாப்பிட்டவர்களுக்கு 6.4 சதவீதம் ஏறியது.

அப்படியென்றால் சித்தியிடம் "ராத்திரி ஒன்றும் சாப்பிடாதீர்கள்" என்று சொல்லிவிடலாமா? என்னால் முடியவில்லை. அந்த 19 பேரும் ஆரோக்கியமானவர்கள், ஆய்வகத்துக்குள் அதிகம் அசையாமல் இருந்தவர்கள். சித்தி நாலு மணி நேரம் நிரை நிரையாக நடந்து குனிகிறவர், அதுவும் மாத்திரை போட்டுக்கொண்டு. உழைக்கிற தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் ராத்திரிச் சாப்பாடு சர்க்கரையை ஏற்றுகிறது, இன்னொரு பக்கம் உழைப்பு இறக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இவர்களிடம்தான் பார்க்க வேண்டும்.

சர்க்கரை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. கார்டிசால் என்கிற ஹார்மோனின் பரிசோதனைக்குக் காலை 8 மணி ரத்தம் கேட்பார்கள். ராத்திரி தூங்கி எழுந்தவருக்குக் காலையில் அது உச்சத்தில் இருக்கும் என்கிற கணக்கில்தான் அந்த நேரமே வைத்திருக்கிறார்கள். தைராய்டைத் தூண்டுகிற டி.எஸ்.ஹெச். நடுராத்திரிக்கு மேல் உச்சத்துக்குப் போய் பகலில் இறங்கும். ராத்திரி விழித்தே இருந்தால் அந்த ஏற்றம் இன்னும் கூடும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ குடிக்க வேண்டும். எழுந்து அரை மணியில் தோட்டத்தில் நிற்க வேண்டியவர், டீயை விடுவாரா மாத்திரையை விடுவாரா? மாத்திரையைத்தான் விடுகிறார்கள். அப்புறம் டி.எஸ்.ஹெச். ஏறி வருகிறது, "மருந்து ஒத்துக்கல" என்கிறார்கள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் பிள்ளைகள் மாதவிடாய் தள்ளிப்போகிறது என்று ஹார்மோன் டெஸ்டுக்கு வருகிறார்கள். அவர்களில் அம்மாவோடு பூ எடுக்கப் போகிறவர் யார் என்று சீட்டில் எங்கேயும் எழுதுவதில்லை.

"மூணு மாச சுகர்" (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற ஹெச்பிஏ1சி டெஸ்ட்) பார்த்தால் போதாதா, அதற்கு வெறும் வயிறு வேண்டாமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல வழிதான். ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் வருகிற ரத்தசோகை இருந்தால் அந்த எண்ணே கூடுதலாகக் காட்டும். எங்கள் மாநிலத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பே சொல்கிறது.

2023-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னது. எவ்வளவு சோறு, எவ்வளவு பருப்பு என்று அளந்து பார்க்கிற ஆய்வுகளும் வருகின்றன, வரட்டும். எத்தனை மணிக்கு என்பதையும் அதோடு சேர்த்துக் கேளுங்கள். தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஊரில், தூங்காமல் இருப்பது யார், அவர்கள் உடம்பு என்ன ஆகிறது என்று கேட்காமல் இருக்கலாமா?

இதை மதுரை ஆட்களான உங்களிடம் கேட்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உடல் கடிகார ஆய்வில் இந்தியாவிலேயே முன்னால் நின்ற இடம் உங்கள் காமராசர் பல்கலைக்கழகம். பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் சமணர் மலைக் குகையில் வௌவால்களை ஆராய்ந்தார்கள். வெளிச்சமே எட்டாத இடத்தில் கூண்டில் வைத்த ஒற்றை வௌவால், சுற்றியிருக்கும் கூட்டம் வெளியே போய் வருகிற நேரத்தை வைத்தே தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டது. கூட்டமே இல்லாத குகையில் அதன் கடிகாரம் தன் போக்கில் நகர்ந்துபோனது. படித்தபோது எனக்கு எங்கள் ஊர்ப் பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். ஒருத்தி கதவைத் தட்டி இன்னொருத்தியை எழுப்பி, நாலு பேராகச் சேர்ந்து தோட்டத்துக்குப் போகிறவர்கள்.

அதே குழு வெளிச்சமும் கடிகாரமும் எட்டாத தனிமை அறையில் மனிதர்களைத் தங்கவைத்தும் பார்த்தது. அப்படித் தங்கிய ஒரு பெண்ணின் மாதவிடாய்ச் சுழற்சி, தூக்க விழிப்புச் சுழற்சியோடு பிணைந்திருக்கவில்லை என்று 1991-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அது ஒரே ஒரு பெண், தனி அறையில். வருஷக்கணக்கில் ராத்திரி எழுந்து வேலை செய்கிற பெண்களுக்கும் அப்படித்தானா? அந்தக் கேள்வியைத் தொடர்ந்து கேட்க உங்களை விட உரிமை உள்ளவர்கள் யார்?

ஒரு விஷயத்தை மட்டும் கவனித்துப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் பூ கொட்டும், ராத்திரி முழுக்க வேலை இருக்கும். மார்கழி, தையில் பனியில் மொட்டு கருகி வரத்து விழுந்துவிடும். அப்போது இதே பெண்களில் பலர் நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள், ராத்திரி வீட்டில் தூங்குகிறார்கள். அதே உடம்பு, அதே சமையல், அதே ரேஷன் அரிசி, நேரம் மட்டும் புரண்டிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆளைத் தேட வேண்டாம். வைகாசி சித்தியை மார்கழி சித்தியோடு ஒப்பிடலாம். வெயில், குளிர், சம்பளம், சாப்பாட்டின் அளவு என்று மாறுகிற மற்றவற்றை எப்படிக் கழிப்பது என்பது உங்கள் வேலை, உங்களுக்குத் தெரியும்.

கையில் ஒட்டிவைத்தால் இரண்டு வாரம் சர்க்கரையைத் தொடர்ந்து காட்டுகிற சென்சார் வந்துவிட்டது. அதை ஒட்டுங்கள். எழுந்த நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம் இரண்டையும் அவர்கள் வாயால் கேட்டு எழுதுங்கள். கல்லூரிக்கு வரச் சொல்லாதீர்கள், அரை நாள் கூலி போய்விடும். வரச் சொன்னால் கூலியைக் கொடுங்கள். முடிவு வந்ததும் கட்டுரையோடு நிறுத்தாமல், மாத்திரைச் சீட்டில் "காலை" என்பதற்குப் பதில் என்ன எழுத வேண்டும் என்று அவர்களுக்கும் டாக்டர்களுக்கும் சொல்லுங்கள். வீடு தேடி மாத்திரை கொண்டுவருகிற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள் 2021-இலிருந்து எங்கள் தெருவுக்கும் வருகிறார்கள், அவர்கள் மூலமே சொல்லலாம்.

சித்தியிடம் பேசிவிட்டேன். "வரட்டும், நிரைக்குள்ள செடிய மிதிக்காம நடக்கச் சொல்லு" என்றார். கூட எடுக்கிறவர்கள் பதினோரு பேரும் சரி என்று சொல்லியிருக்கிறார்கள். ரத்தம் எடுக்க நான் வருகிறேன், பைசா வேண்டாம். ராத்திரி ஒன்றே முக்காலுக்கு செல்லம்பட்டி விலக்கில் டார்ச்சோடு நிற்பேன்.

அன்புடன்,
ரத்தம் எடுக்கிற ஒருத்தி,
திருமங்கலம்