சாத்தன் என்னும் பெயரை ஏன் விட்டுவிட்டோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் அண்மையில் வெளியான, குழந்தைகளுக்குச் சூட்டத்தக்க தமிழ்ப் பெயர்களின் பட்டியலைப் படித்தேன். ஆதன், கொற்றன், சேந்தன், கீரன் எனச் சங்ககாலப் பெயர்களைத் தேடிச் சேர்த்திருந்தது மகிழ்ச்சி அளித்தது. ஆனால் அக்காலத்தில் இவற்றில் எதற்கும் குறையாமல் வழங்கிய ‘சாத்தன்’ அந்தப் பட்டியலில் இல்லை. மறதியால் விடுபட்டதாக நான் நினைக்கவில்லை. ‘சாத்தான்’ என்று காதில் விழுமே என்ற தயக்கம்தான் காரணமாக இருக்க வேண்டும். அந்தத் தயக்கத்துக்குச் சிறிதும் இடமில்லை என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தமிழாசிரியராக நான் பணியாற்றிய ஆண்டுகளில் வேற்றுமைப் பாடம் நடத்தும்போதெல்லாம் இதைப் பார்த்திருக்கிறேன். ‘சாத்தனொடு கொற்றன் வந்தான்’ என்று கரும்பலகையில் எழுதியதும் கடைசி வரிசையில் சிரிப்பு எழும். வகுப்பில் சாத்தப்பன் என்று பெயருள்ள மாணவன் யாரேனும் இருந்தால் அவன் தலையைக் குனிந்துகொள்வான். உண்மையில் அந்த எடுத்துக்காட்டே அப்பெயரின் பெருமைக்குச் சான்று. தொல்காப்பியத்துக்கும் நன்னூலுக்கும் உரை எழுதியவர்கள், யாரேனும் ஒரு மனிதனைக் குறிக்க வேண்டிய இடத்திலெல்லாம் சாத்தன் என்றும் கொற்றன் என்றும் எழுதிச் சென்றார்கள் என்றால், ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு அப்பெயர் வழங்கியிருக்கிறது என்றே பொருள்.

பெயரின் தோற்றத்துக்கு இரண்டு வழிகள் கூறப்படுகின்றன. சாத்து என்றால் வணிகக் கூட்டம். வடமொழியில் ‘சார்த்த’ என வழங்கும் சொல்லோடு தொடர்புடையது இது. கள்வர் அச்சம் மிகுந்த நெடுவழிகளில் தனியே செல்ல முடியாது என்பதால் வணிகர்கள் கூட்டமாகப் பயணம் செய்தார்கள். மிளகுப் பொதி சுமந்து முதுகில் தழும்பேறிய கழுதைகள் சாத்தாகச் செல்வதைப் பெரும்பாணாற்றுப்படை கண்முன் நிறுத்துகிறது; அப்பொதிகளுக்குப் பலாப்பழம் அங்கே உவமையாகிறது. அத்தகைய கூட்டத்தின் தலைவன் சாத்துவன். கோவலனின் தந்தை மாசாத்துவான் என்ற பெயரைப் பெற்றது இதனால்தான். மணிமேகலையைப் பாடிய சீத்தலைச் சாத்தனாரும் மதுரையில் கூல (தானிய) வாணிகம் செய்தவர் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். மற்றொரு வழி, கற்பிப்பவன், ஆள்பவன் என்று பொருள்படும் ‘சாஸ்தா’ என்ற வடசொல் தமிழில் சாத்தன் ஆனது என்பது. புத்தருக்கும் சாஸ்தா என்ற பெயர் உண்டு. தென் மாவட்டங்களில் பங்குனி உத்திரத்தன்று குடும்பம் குடும்பமாகச் சென்று வழிபடும் சாஸ்தாவும், ஊர் எல்லையில் குதிரைகளோடு காவல் நிற்கும் ஐயனாரும் சாத்தன் என்ற பெயருக்கு உரியவர்களே. இரண்டு வழிகளும் ஒரு கட்டத்தில் கலந்துவிட்டன என்பது என் கருத்து. எந்த வழியைக் கொண்டாலும் இழிவான பொருள் அதில் எங்கும் இல்லை.

சாத்தன் என்ற தெய்வத்தைத் தமிழர் எப்படி எண்ணினார்கள் என்பதற்குச் சிலப்பதிகாரத்தில், கனாத்திறம் உரைத்த காதையில் ஒரு கதை இருக்கிறது. மாலதி என்ற பார்ப்பனப் பெண் தன் மாற்றாளின் (கணவனின் மற்றொரு மனைவியின்) குழந்தைக்குப் பால் ஊட்டுகிறாள். பால் விக்கிக் குழந்தை இறந்துவிடுகிறது. பழிச்சொல்லுக்கு அஞ்சிய அவள் அந்தக் குழந்தையை ஏந்திக்கொண்டு புகார் நகரத்துக் கோட்டங்கள் ஒவ்வொன்றிலும் சென்று முறையிட்டு, இறுதியில் பாசண்டச் சாத்தன் கோயிலில் வந்து கிடக்கிறாள். அங்கே அவள் துயரம் பொறாத தெய்வம் தானே அக்குழந்தையாகி அவளோடு வீட்டுக்குப் போகிறது, வளர்கிறது, கல்வி கற்கிறது, இரு பெற்றோருக்கும் மகன் செய்ய வேண்டிய கடன்களைச் செய்கிறது. தேவந்தி என்ற பெண்ணை மணந்து எட்டு ஆண்டுகள் இல்லறம் நடத்திய பிறகே தன் உருவைக் காட்டி மறைகிறது. அந்தத் தேவந்திதான் கண்ணகியின் தோழி. ஒரு பெண்ணின் கண்ணீருக்காக மனிதப் பிறவியின் கடமைகளையெல்லாம் ஏற்றுக்கொண்ட தெய்வத்தின் பெயரைத்தான் இன்று பிள்ளைக்கு வைக்கக் கூசுகிறோம்.

மனிதர்களிடையே இப்பெயர் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்குப் புறநானூறு ஒன்றே போதும். குமணனைப் பாடிய பெருந்தலைச் சாத்தனார் அதில் இருக்கிறார். வீரம் செறிந்த முதுகுடிப் பெண்ணைப் பாடிய ஒக்கூர் மாசாத்தியார் இருக்கிறார். சாத்தி என்ற பெண்பால் வடிவமும் அன்று வழங்கியதற்கு அவர் பெயரே சான்று. அந்த ஒக்கூர் எங்கள் சிவகங்கைக்கு அருகே இருப்பதே என்று இப்பகுதி மக்கள் கொள்கிறோம். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடிய 242ஆம் பாடலை, இப்பெயரைக் கேட்டுச் சிரிப்பவர்கள் ஒருமுறை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இளைஞர் சூட மாட்டார்கள், மகளிர் கொய்ய மாட்டார்கள், பாணனும் பாடினியும் அணிய மாட்டார்கள், வல்வேல் சாத்தன் மறைந்த பின்னும் நீ பூத்தாயோ என்று முல்லைக் கொடியைக் கேட்கிறார் புலவர். இறந்தவருக்காக இரங்கிப் பாடும் கையறுநிலைப் பாடல்களில் இதற்கு இணையாகச் சொல்ல மிகச் சிலவே உண்டு.

பெயர் கடலையும் கடந்திருக்கிறது. எகிப்தில் செங்கடற்கரையில் உள்ள குசேர் அல் காதிமில் நடந்த அகழாய்வில், தமிழ் பிராமி எழுத்தில் கண்ணன் என்றும் சாத்தன் என்றும் படிக்கப்பட்ட பெயர்களைத் தாங்கிய பானை ஓடுகள் கிடைத்தன. உரோமானியரோடு வணிகம் நடந்த காலத்தில் அங்கே போய்த் தங்கிய தமிழர் தம் பாண்டத்தில் தம் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். பிற்காலக் கல்வெட்டுகளிலும் குறைவில்லை. 8ஆம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையனின் அதிகாரியாக இருந்து திருப்பரங்குன்றத்தில் திருப்பணி செய்தவர் சாத்தன் கணபதி; அவர் மனைவி நக்கன் கொற்றி. நார்த்தாமலையில் பழியிலி ஈச்சரம் என்னும் குடைவரையைக் குடைவித்த 9ஆம் நூற்றாண்டு முத்தரையர் தலைவர் சாத்தன் பழியிலி.

அப்படி வழங்கிய பெயர் ஏன் அருகியது? கிறித்தவம் வந்ததால்தான் என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. பக்தி இயக்கம் வேரூன்றிய பின்னர் சிவன், திருமால், முருகன் ஆகியோரின் திருநாமங்களும் தலத்து இறைவர் பெயர்களும் வீடுதோறும் புகுந்தன. ஆதன், பூதன், கொற்றன், கீரன் ஆகிய பழம்பெயர்களும் அந்த வெள்ளத்தில்தான் கரைந்தன. சாத்தனுக்கு மட்டும் கூடுதலாக இரண்டு இடையூறுகள் நேர்ந்தன. மலையாள நாட்டு மாந்திரிகத்தோடு சேர்ந்து குட்டிச்சாத்தான் என்ற சிறுதெய்வ வழக்கு பரவி, தமிழ்நாட்டில் குறும்புப் பிள்ளைகளைத் திட்டும் சொல்லாயிற்று. எதிர்ப்பவன் என்று பொருள்படும் எபிரேயச் சொல், தமிழ் விவிலியத்தில் சாத்தான் என்ற வடிவத்தில் நிலைபெற்றது. சாத்தன் என்ற நம் பெயருக்கும் இந்த எபிரேயச் சொல்லுக்கும் உள்ளது ஒலி ஒற்றுமை மட்டுமே. பிறப்பில் எந்த உறவும் கிடையாது. விவிலியத்தை மொழிபெயர்த்தவர்களையும் குறை சொல்வதற்கில்லை. மூலத்தின் ஒலியை ஒட்டி எழுதினார்கள், அவ்வளவே.

ஆயினும் பெயர் முற்றாக மறையவில்லை. சாத்தூர், சாத்தான்குளம், தென்பெண்ணையின் குறுக்கே அணை கட்டப்பட்ட சாத்தனூர், திருமூலரின் வரலாற்றில் மூலன் என்னும் இடையன் வாழ்ந்த மற்றொரு சாத்தனூர் என்று ஊர்ப்பெயர்களில் நிற்கிறது. சாத்தனுக்குத் தந்தையானவனைச் சாத்தந்தை என்று அழைக்கும் பழைய வழக்கைத் தொல்காப்பிய உரைகள் காட்டுகின்றன. பிசிராந்தையார் பெயரில் உள்ள ஆந்தையும் ஆதன் தந்தை என்பது மருவிச் சுருங்கிய வடிவமே. கொங்கு நாட்டு வேளாளரிடையே சாத்தந்தை என்று ஒரு கூட்டம் (குலப்பிரிவு) இன்றும் இருப்பதைக் காணும்போது, இலக்கண நூலின் ஓர் எடுத்துக்காட்டு திருமண அழைப்பிதழில் அச்சாகி வருவதுபோல எனக்குத் தோன்றும். எங்கள் செட்டிநாட்டில் சாத்தப்பன் என்ற பெயர் தலைமுறை தலைமுறையாக வருகிறது. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் நகரத்தார் வழக்கமே அதைக் காத்து வந்திருக்கிறது. வணிகச் சாத்தின் பெயரைக் கடல் கடந்து வணிகம் செய்த ஒரு சமூகமே இன்றுவரை கைவிடாமல் வைத்திருப்பது மிகப் பொருத்தமானது.

இப்போது அந்த வீடுகளிலும் தயக்கம் தலைகாட்டுகிறது. ஐயா (பாட்டனார்) பெயரை வீட்டளவில் வைத்துக்கொண்டு, பள்ளிப் பதிவேட்டில் வேறொரு பெயரைக் கொடுக்கும் பெற்றோர்களை நான் அறிவேன். பிள்ளையை யாரும் கேலி செய்துவிடக் கூடாதே என்ற அவர்களுடைய கவலை எனக்குப் புரிகிறது. அந்தக் கேலியைத் தடுக்க வேண்டியவர்கள் ஆசிரியர்களும் தங்களைப் போன்ற நாளிதழ்களுமே. வகுப்பில் சாத்தன் என்று எழுதும் ஆசிரியர், பெருஞ்சாத்தனைப் பற்றியும் செங்கடற்கரைப் பானை ஓட்டைப் பற்றியும் இரண்டு நிமிடம் சொன்னால் பின்வரிசைச் சிரிப்பு அடங்கிவிடும். நான் அப்படிச் சொல்லிப் பயன் கண்டிருக்கிறேன்.

ஆகவே அடுத்த முறை பெயர்ப் பட்டியல் வெளியிடும்போது சாத்தன், பெருஞ்சாத்தன், மாசாத்தன், பெண் குழந்தைகளுக்கு மாசாத்தி ஆகிய பெயர்களையும், அவற்றின் வரலாற்றை விளக்கும் ஒரு சிறு குறிப்போடு சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
சிவகங்கை மாவட்டம்.