வெள்ளாமை மாதா மாதம் விளைவதில்லை: வங்கிகளின் பணிப்பாளர் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பணிப்பாளர் சபையினருக்கு,

மட்டக்களப்பின் படுவான்கரையில் ஐந்து ஏக்கர் வெள்ளாமை செய்யும் ஒருவன் எழுதிக்கொள்வது. சிறுபோகத்துக்கு நான் கேட்ட கடன், "கிறிப் சரியில்லை" என்ற இரண்டு சொற்களோடு கடந்த வாரம் மறுக்கப்பட்டது; கிறிப் என்பது கடன் தகவல் பணியகம் வைத்திருக்கும் என் கடன் வரலாறு.

அந்த வரலாற்றில் கறை வந்த விதம் இதுதான். லாண்ட் மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரம் வாங்க எடுத்த கடனுக்கு மாதந்தோறும் 20ஆம் திகதி தவணை; ஒக்டோபரில் விதைத்த நெல்லுக்கோ பெப்ரவரி கடைசியில்தான் வெட்டு. ஒக்டோபர் தவணைக்காக மனைவியின் சங்கிலியைக் கிளையின் அடகுப் பிரிவில் வைத்து, அவர்கள் எண்ணித் தந்த தாள்களை நாலடி தள்ளியிருந்த கடன் பிரிவில் அப்படியே கட்டினேன். நவம்பரில் வைக்க இன்னொரு சங்கிலி இருக்கவில்லை. 90 நாள் கடந்துவிட்டதென்று கடிதம் வந்த அன்று, வெட்டு மெசின் பக்கத்து வயலில் நின்றது. நெல்லை ஈரத்தோடு கிடைத்த விலைக்கு விற்று, நிலுவை முழுவதையும் தண்டப் பணத்தோடு கட்டினேன். கறை மட்டும் போகவில்லை.

உங்கள் பக்க நியாயம் எனக்கு விளங்காமலில்லை. வட்டி வருமானத்தையே பெரிதும் நம்பியிருக்கும் நம்போன்ற நாடுகளின் வங்கிகளில், ஒரு கடன் 90 நாளாகக் கட்டப்படாமல் செயற்படாக் கடனானால் வட்டி நிற்கிறது, இழப்புக்கான ஒதுக்கம் இலாபத்தைத் தின்கிறது, மூலதனம் கரைய அடுத்தவனுக்குக் கொடுக்கும் கையும் பின்வாங்குகிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த கணக்கீட்டு நியமமோ, எதிர்பார்க்கப்படும் இழப்புக்கும் முன்கூட்டியே ஒதுக்கச் சொல்கிறது. அப்படியிருக்க, நாலு மாத நெல்லுக்கு மாதத் தவணை எழுதி, இல்லாத ஆபத்தை நீங்களே உண்டாக்கி, அதற்கு நீங்களே ஒதுக்கமும் வைப்பது என்ன கணக்கு? தவணையை அறுவடையோடு பொருத்துங்கள் என்பதே என் கோரிக்கை.

  

தொகையைக் குறைக்கவோ வட்டியைத் தள்ளவோ நான் கேட்கவில்லை. நெற்செய்கைக்காரருக்கு ஆண்டில் இரண்டே தவணைகள், ஏப்ரலில் ஒன்றும் செப்டெம்பரில் ஒன்றுமாக, அறுவடையோடு பொருத்தித் தாருங்கள். வரும் பெரும்போகத்துக்கான கடன் பத்திரங்கள் எழுதப்படுமுன் இதைப் பரிசீலிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
படுவான்கரை விவசாயி ஒருவன்